மேசைக்கால் தகடு

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் ஒரு முனையில், வாசலைப் பார்த்தபடி பட்டறைக்காரர். அவர் எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். வண்டி ஏதாவது வந்து நின்றால் தெரிய வேண்டும். அவருக்கு வலப்புறம், சன்னலோரம் அவருடைய மகள், மடியில் கைப்பையோடும் கையில் போனோடும். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் மனைவி. அவித்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரருக்கு எதிரே நான். என் முன்னால் ஒரு விண்ணப்பப் படிவம், இரண்டு பேனா, ஒரு கோப்பை டீ.

என் தொழில் எழுதிக் கொடுப்பது. வண்டிப் பதிவு அலுவலகத்தின் வெளிச்சுவரோரம் மேசை போட்டு இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், தொலைந்த வண்டிப் புத்தகத்துக்கு நகல், எல்லாவற்றுக்கும் எழுதுவேன். எல்லாரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை என்பதால், அன்று பட்டறைக்காரர் வீட்டில் டீ. அவருடைய காகிதங்களையும் அப்போதே முடித்துக் கொடுத்துவிடுவேன்.

அன்றைய காகிதம் முக்கியமானது. விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்சூரன்ஸ்காரர்கள் தங்கள் பட்டியலில் இருக்கும் பட்டறைகளுக்குத்தான் அனுப்புவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலில் இருக்கப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் செய்வது டிங்கர் வேலை. நசுங்கியதை நிமிர்த்துவது, கிழிந்ததை ஒட்டவைப்பது. இன்சூரன்ஸ் வண்டி வராவிட்டால் அவருக்கு மாதத்தில் பாதி நாள் சுத்தியலைத் துடைத்து வைப்பதுதான் வேலை. படிவத்தின் கடைசிப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "இந்தப் பட்டறையில் எந்த வாகனத்தின் சேஸ் எண்ணும் வெட்டப்படவோ மாற்றப்படவோ இல்லை என உறுதி கூறுகிறேன்." சேஸ் எண் என்பது வண்டியின் உடம்பிலேயே பொறித்திருக்கும் பிறப்பு எண். கீழே கையெழுத்துப் போடக் கோடு.

"எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தார்.

"இருப்பா, அத அப்புறம் போடு," என்றாள் மகள். "நான் சொல்ல வந்ததக் கேளு. எனக்கு பதினோரு மணி பஸ்ஸு."

அவள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முன்மேசையில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறாள்.

"எங்களுக்கு ஒரு லிஸ்ட் வந்திருக்கு. ஒம்பது பத்து வருஷத்துக்கு முந்தி வந்த வண்டிங்கள்ல முன்சீட்டு ஏர்பேக் சரியில்லையாம். வெயில்லயும் ஈரத்துலயும் உள்ள இருக்கற மருந்து கெட்டுப்போயிருக்கு. எங்கயாவது லேசா மோதினாக்கூட பை விரியறதுக்குப் பதிலா வெடிக்குதாம். உள்ள இருக்கற இரும்புத் துணுக்கெல்லாம் மூஞ்சில அடிக்குதாம்."

"காப்பாத்தற சாமானே கடிக்குதா?" என்றார் மனைவி.

"ஆமாம்மா. எல்லா வண்டியிலயும் இல்ல. குறிப்பிட்ட நம்பர்லேர்ந்து குறிப்பிட்ட நம்பர் வரைக்கும். சேஸ் நம்பர போட்டா மாத்தணுமா வேண்டாமான்னு கம்ப்யூட்டர் சொல்லிரும். நீ பாத்த வண்டிங்க எதாவது இருந்தா அவங்களுக்குச் சொல்லுப்பா."

பட்டறைக்காரர் வண்டி என்ன மாடல் என்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் கையிலிருந்த பேனா படிவத்தின் மேல் அப்படியே படுத்தது.

"உங்க அத்த வண்டியும் அதே மாடல்தானே?" என்றார்.

"அதேதான். ஆனா அத்தை முந்தியே பாத்துட்டாங்களாம். சித்தப்பாதான் அங்க போயிட்டு வந்து சொன்னாரு. நம்பர் போட்டுப் பாத்தாங்களாம், லிஸ்ட்ல இல்லைன்னு வந்துருச்சாம். அவங்களுக்குப் பயமில்ல."

இதைக் கேட்டு ஒருவருக்கு ஆறுதல் வர வேண்டும். அவருக்கு வரவில்லை. சன்னலுக்கு வெளியே பட்டறையின் தகரக் கூரை வெயிலில் படபடத்துக்கொண்டிருந்தது, அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி என்னிடம் சைகை காட்டிவிட்டு, தரையில் மண்டியிட்டு, என் பக்கத்து மேசைக்காலை ஒரு கையால் தூக்கி, அடியிலிருந்து எதையோ உருவினார்.

மேசை என் பக்கம் சரிந்தது.

ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தகடு. நாலு ஓரமும் உளியால் வெட்டிய தழும்பு. தரை கழுவிக் கழுவி மேல் பக்கம் கறுத்துப்போயிருந்தது. மனைவி பதறினார்.

"அது எதுக்கு இப்ப? ஆறேழு வருஷமா கெடக்குது. மேசை ஆடுதுன்னு நீங்கதானே வச்சீங்க?"

அவர் பின்கட்டுக்குப் போய், மண்ணெண்ணெய் நனைத்த துணியும் உப்புத்தாளும் எடுத்துவந்தார். தரையைப் பார்த்துக் கிடந்த பக்கத்தைத் திருப்பி வைத்துத் தேய்த்தார். அவர் தேய்க்கும்போது யாரும் பேச மாட்டோம்; அது அந்த வீட்டுப் பழக்கம். துரு தூளாக உதிர்ந்தது. அதன் அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. என் படிவக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவித் தகட்டின் மேல் போட்டார். காதிலிருந்த பென்சிலைப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஒரே பக்கமாக இழுத்தார். பதினேழு எழுத்தும் எண்ணும் கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக வந்து நின்றன.

"இதப் போட்டுப் பாரு," என்றார் மகளிடம்.

"இது எந்த வண்டிப்பா?"

"போடு, சொல்றேன்."

அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை தாளைப் பார்த்துச் சரிபார்த்தாள். போன் கொஞ்சம் சுற்றியது. பிறகு அவள் போனை மேசையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினாள். சிவப்பில் இருந்தது. உடனே மாற்ற வேண்டும், மாற்றும்வரை முன் இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"இந்த வண்டி எங்கப்பா இருக்கு?"

"பாதி பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. மீதிப் பாதி உங்க அத்த வீட்டு வாசல்ல நிக்குது."

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தங்கை வீட்டு வண்டி பாலத்துச் சுவரில் மோதி முன்பாதி சப்பையாகிவிட்டது. தங்கை புருஷன் அதைக் கொண்டுவந்து பட்டறையில் போட்டுவிட்டு, "மச்சான், உங்க கையில குடுத்துட்டேன், அவ்வளவுதான்" என்று போனார். தேறாத கேஸ் என்று எந்தப் பட்டறையிலும் சொல்லியிருப்பார்கள். இவருக்கு வாய் வரவில்லை. தங்கச்சி வண்டி. அதே மாடலில், அதே நிறத்தில், லாரி இடித்துப் பின்பாதி நசுங்கிய ஒரு வண்டி பழைய இரும்புக் கடையில் கிடந்தது. வாங்கிவந்தார். இரண்டையும் நடுவில் அறுத்தார். அதன் முன்பாதியை இதன் பின்பாதியோடு சேர்த்தார். ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் சேஸ் நம்பர் இருப்பது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில், அதாவது முன்பாதியில். காகிதத்தில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் முடியாது. அதனால் இரண்டு நம்பரையும் உளியால் வெட்டி எடுத்து, தங்கை வண்டியின் நம்பரைப் புது முன்பாதியில் வைத்துப் பற்றவைத்துவிட்டார். மிஞ்சிய தகடுதான் மேசைக்காலுக்கு அடியில் போனது.

"தூக்கிப் போட்டிருக்கலாமே," என்றேன்.

"நம்பர் தகட்ட எடைக்குப் போடக் கூடாது ரைட்டரே. எவனாவது எடுத்து வேற வண்டில ஒட்டிருவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மகள் அதற்குள் போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தை, நான்தான்."

"யாரு நான்தான்? ஓ, கல்யாணப் பத்திரிகையத் தபால்ல போட்டவளா?"

"அப்புறம் திட்டுங்க. வண்டி எங்க நிக்குது அத்தை?"

"வாசல்லதான். ஏன், உங்கப்பாவுக்கு இன்னொருவாட்டி பாக்கணுமாமா?"

"முன்சீட்டுல யாரும் உக்காராதீங்க. ஏர்பேக்…"

"அதெல்லாம் பாத்தாச்சுடி. எங்க நம்பர் அதுல இல்ல."

"அந்த நம்பர் இல்ல அத்தை. உங்க வண்டியோட முன்பாதிக்கு நம்பர் வேற."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "வேறன்னா?"

பட்டறைக்காரர் போனைப் பார்த்துக் குனிந்தார். "நான்தாம்மா பேசறேன்," என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க," என்றது தங்கை புருஷனின் குரல்.

"மாப்ளே…"

"அன்னைக்கு நான் கேட்டேன். நம்பரச் சுத்தி ஒட்டுத் தெரியுதே, என்ன மச்சான் இதுன்னு மரியாதையாத்தான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? என் தங்கச்சி வீட்டுக்குத் திருட்டு வண்டியா குடுப்பேன், இந்த வாசப்படிய இனிமே மிதிக்காதன்னீங்க. வண்டி விட வந்தவங்க மூணு பேரு, ரைட்டரோட நாலு பேரு. நான் தலையத் தொங்கப் போட்டுட்டு வந்தேன்."

"திருட்டு இல்ல மாப்ளே. காசு குடுத்து வாங்கினதுதான்…"

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்க காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்."

பட்டறைக்காரர் உள்ளங்கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சிய முன்னால உக்கார வைக்காதீங்க," என்றார்.

"வண்டிய நிறுத்தறேன். எத்தன நாளைக்கு நிறுத்துவேன்? அது ஓடினாத்தான் இங்க அடுப்பு எரியும். சர்வீசுக்குக் கொண்டு போனா, உங்க நம்பர் லிஸ்ட்ல இல்ல, போய்ட்டு வாங்கம்பான். எழுதி அனுப்புங்க. எங்க அறுத்தீங்க, யாரு நம்பர் எங்க இருக்கு, எல்லாம். கையெழுத்தோட. வாயால சொன்னத அன்னைக்கே நெறயக் கேட்டுட்டேன்."

வைத்துவிட்டார்.

"அவங்க சொல்றது சரிதாம்பா," என்றாள் மகள். "எங்க சென்டர்லயும் அப்படித்தான். வேலை செஞ்சவர் எழுதிக் குடுக்காம டேஷ்போர்டப் பிரிக்க மாட்டாங்க."

"எழுத வேண்டாம்," என்றார் மனைவி. கத்தி கையிலேயே இருந்தது. "அந்த மனுசன் பெட்டியில வச்சுப் பூட்டிருவாரு. என்னைக்காவது கோவம் வந்தா அந்தக் கடுதாசிய எங்க குடுக்கணுமோ அங்க கொண்டுபோய்க் குடுப்பாரு. பட்டறையச் சீல் வச்சதும் நீங்க என்ன, வீட்டுக்கு வீடு பீரோக் கதவு நிமித்தப் போவீங்களா?"

"அம்மா, அத்தை அந்தச் சீட்டுலதாம்மா உக்காந்து போறாங்க. ஏழு வருஷமா."

"எனக்கு மட்டும் அவ வேண்டாதவளா? எழுதாமச் செய்யறதுக்கு ஒரு வழி இருக்கான்னு கேக்கறேன்."

மனைவி உருளைக்கிழங்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால். சனிக்கிழமை தபால் அலுவலகத்தில் ஒரு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். விட்டால் திங்கட்கிழமை.

"சொல்லுங்க, எழுதறேன்," என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்கு அலுவலகத் தமிழ் நன்றாக வரும். என்னோடு பழகிப் பழகி வந்தது. "தங்கள் வாகனத்தைப் பழுது பார்த்தபோது சில பாகங்கள் வேறு வாகனத்திலிருந்து பொருத்தப்பட்டன என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்." வாசித்துக் காட்டினேன்.

"சில பாகமா?" என்றாள் மகள். "வைப்பர் கூடப் பாகம்தாம்பா."

அந்தத் தாளை ஒதுக்கினேன். இரண்டாவதில் முன்பாதி முழுவதும் வேறு வாகனத்துடையது என்று வந்தது. ஆனால் அறுத்தது யார் என்று இல்லை. பொருத்தப்பட்டது, இணைக்கப்பட்டது என்றே போனது. நம்பர் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேசை ஆடியதில் என் எழுத்தும் கோணிக்கொண்டு போயிற்று.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். "எல்லாம் தானா நடந்த மாதிரி இருக்கு."

"நீங்க இப்படித்தானே எழுதுவீங்க?"

"ஆபீசுக்கு எழுதினா இப்படி எழுதுவேன். இது தங்கச்சிக்கு."

அவர் படிவத்தைப் பார்த்தார். கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட்டால் கடிதம் பொய். கடிதத்தில் போட்டால் படிவம் பொய். இரண்டும் ஒரே மேசையில் கிடந்தன. படிவத்தை எடுத்து நாலாக மடித்து என் சட்டைப்பையில் சொருகினார்.

"வெத்துப் பக்கத்துல எதாவது எழுதிக்கங்க," என்றார்.

மனைவி எழுந்து வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒதுக்கி வைத்த இரண்டு தாளையும் எடுத்து எட்டாக மடித்தார். குனிந்து என் பக்கத்து மேசைக்காலின் கீழே வைத்துக் காலால் தள்ளினார். மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

"நேரா எழுதுங்க ரைட்டரண்ணே," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது கடிதத்தை அவர் பேசியபடியே எழுதினேன்.

"தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும். உங்கள் வண்டியை நான்தான் நடுவில் அறுத்தேன். முன்பாதி வேறு வண்டியுடையது. அதன் நம்பரை நான்தான் வெட்டி எடுத்தேன். உங்கள் நம்பரை அந்த இடத்தில் நான்தான் பற்றவைத்தேன். வெட்டி எடுத்த நம்பரின் பென்சில் அச்சு இத்துடன் இருக்கிறது. இந்த நம்பரைச் சொன்னால் சர்வீசில் மாற்றித் தருவார்கள். தேறாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் செய்தேன். மாப்பிள்ளை கேட்டபோது பயந்துவிட்டேன். பயத்தில் கத்தினேன். அவர் கேட்டது சரி."

அங்கே நிறுத்தினார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. இனியும் பேசாமல் இருப்பது முறையில்லை என்று தோன்றியது.

"மாப்பிள்ளையா அதக் கண்டுபிடிக்கல," என்றேன். "வீடு மாறிப் போறதுக்கு அட்ரஸ் மாத்தணும்னு நம்பரப் பென்சில்ல எடுத்துட்டு என் மேசைக்கு வந்தாரு. நம்பரச் சுத்திச் சன்னல் சட்டம் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்துது. நான்தான் காட்டினேன். மச்சான்கிட்டக் கேளுங்கன்னு கூட்டிட்டு வந்ததும் நான்தான். நீங்க கத்தினப்ப நான் வாயே தெறக்கல."

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"மாப்ளைக்கு அச்சுப் படிக்கத் தெரியாது. இந்தத் தெருவுல அதப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு."

"தெரிஞ்சுமா ஆறு வருஷமா எனக்கு டீ குடுத்தீங்க?"

"உங்களத் திட்டணும்னா நான் செஞ்சத முதல்ல ஒத்துக்கணுமே." கோப்பையை எடுத்துப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அடங்கியிருப்பேன்னு சில நாள் நெனப்பேன். சில நாள், உங்களையும் அடிச்சிருப்பேன்னு நெனப்பேன். எழுதுங்க. அவ வந்தாலும் வராட்டியும் வாசல் தெறந்திருக்குன்னு எழுதுங்க."

எழுதினேன். அதன் கீழே, என் கையெழுத்தில், "அன்று உடனிருந்தும் பேசாமல் நின்றவன் இதை எழுதினேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் வாசித்தார். கையெழுத்துப் போட்டார், பட்டறை முத்திரையையும் மேலே குத்தினார். அது தேவையில்லை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

கனத்த பழுப்பு உறை ஒன்று என் பையில் இருந்தது. கடிதத்தையும் பென்சில் அச்சையும் உள்ளே வைத்தேன். அவர் உறையை வாங்கி, துடைத்த தகட்டை ஒரு துணியில் சுற்றி அதையும் உள்ளே விட்டார்.

"அச்சே போதும்பா," என்றாள் மகள். "தகடு உன்கிட்ட இருக்கட்டும். அது போனா அவங்க கையில…"

"அதுக்குத்தான். தாள நான் வேற எதுலயாவது தேச்சு எடுத்தேன்னு சொல்லலாம். தகடு அவர்கிட்ட இருக்கட்டும். என்ன செய்யணும்னு அவர் முடிவு பண்ணட்டும்."

கோந்துப் புட்டி காய்ந்து கிடந்தது. மனைவி கேட்காமலேயே சோற்றுப் பானையைத் திறந்து, நாலு பருக்கையை உள்ளங்கையில் நசுக்கி, உறையின் ஓரத்தில் தானே தடவி அழுத்தினார். சூடு ஆறும்வரை விரலை எடுக்கவில்லை.

"சாப்பிட்டுப் போங்க" என்று அன்று அவர் சொல்லவில்லை. மகளின் பதினோரு மணி பஸ் போயிருந்தது. அவள் போனில் அத்தைக்கு ஏதோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

நானும் பட்டறைக்காரரும் நடந்தோம். தெருவில் நிழலே இல்லை. பட்டறை வாசலில் கதவு நசுங்கிய வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது, அதை ஓட்டி வந்தவர் "எப்ப வருவீங்க?" என்று கேட்டார். பட்டறைக்காரர் கையைக் காட்டிவிட்டு நடந்தார். வழியில் ஒருமுறை மட்டும் பேசினார்.

"ஒட்டு சுத்தமா இருந்துது ரைட்டரே. அந்தக் கோடு ஒண்ணுதான். நம்பர் அழியக் கூடாதுன்னு அங்க மட்டும் அரம் போட்டு ராவல."

கவுண்டரை மூடப் பத்து நிமிஷம் இருந்தது. பதிவுத் தபால் என்றேன். கவுண்டர்காரம்மா உறையைத் தராசில் வைத்தார், புருவத்தைத் தூக்கினார்.

"கடுதாசின்னீங்க, கனமா இருக்கே. உள்ள என்ன?"

"தகடு," என்றார் பட்டறைக்காரர். "ஒரு நம்பர்."

அந்த அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ரசீதைக் கிழித்து நீட்டி, அதிலிருக்கும் எண்ணை வைத்து எங்கே போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். பட்டறைக்காரர் ரசீதை வெளிச்சத்தில் பிடித்து, அந்த எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தார். படித்து முடிப்பதற்குள் அந்த அம்மா உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார். மற்ற கடிதங்களின் மேல் விழுந்து, நழுவி, அடியில் போய்ச் சிமெண்டுத் தரையில் ணங்கென்று இடித்தது.

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பத்திரம்மா" என்றார், சாக்கைப் பார்த்து.